ஒரு நாள், 1,440 நிமிடங்கள்: வீட்டு நேரக் கணக்கு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"வேலைக்கே நேரம் சரியாப் போயிடுது." "வீட்ல சும்மாதானே இருக்க?" "ஞாயித்துக்கிழமைகூட உட்கார முடியல." இந்த மூன்று பேச்சையும் ஒரே வீட்டில் ஒரே வாரத்தில் கேட்கலாம். எது எவ்வளவு உண்மை என்று பார்க்க நல்ல வழி, ஒரு முழு நாளையும் எழுதிப் பார்ப்பது. அரசு அதை எப்படிச் செய்கிறது, நம் வீட்டில் எப்படிச் செய்யலாம், எங்கே தப்பு வரும் என்பதையெல்லாம் கீழே சொல்லியிருக்கிறோம்.

நேரக் கணக்கு என்றால் என்ன எழுத வேண்டும்?

ஒருவர் 24 மணி நேரமும் என்ன செய்தார் என்பதை, இடைவெளி விடாமல். சம்பள வேலையை மட்டுமோ வீட்டு வேலையை மட்டுமோ எழுதினால் அது நேரக் கணக்கு ஆகாது. தூக்கம், குளியல், பஸ்ஸுக்குக் காத்திருந்தது, சும்மா படுத்திருந்தது எல்லாமே வர வேண்டும். முழு நாளும் எழுதினால்தான் கூட்டிப் பார்க்கும்போது 1,440 நிமிடம் வரும். வராவிட்டால் எங்கோ ஒரு வேலை விட்டுப்போயிருக்கிறது. பெரும்பாலும் அது வீட்டு வேலையாகத்தான் இருக்கும்.

இந்திய அரசு இப்படி ஒரு கணக்கு எடுக்கிறதா?

எடுக்கிறது. முதல் முயற்சி 1998 ஜூலை முதல் 1999 ஜூன் வரை ஆறு மாநிலங்களில் முன்னோட்டமாக நடந்தது. ஹரியானா, மத்தியப் பிரதேசம், குஜராத், ஒடிசா, மேகாலயாவோடு தமிழ்நாடும் அதில் இருந்தது. நாடு முழுவதற்குமான முதல் நேரப் பயன்பாட்டு ஆய்வைத் தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019இல் நடத்தியது. இரண்டாவது 2024 ஜனவரி முதல் டிசம்பர் வரை நடந்தது. அதில் 1,39,487 வீடுகளில், 6 வயதுக்கு மேற்பட்ட 4,54,192 பேரிடம் விவரம் வாங்கினார்கள்.

கணக்கெடுப்பாளர் வீட்டுக்கு வந்து நேற்று நடந்ததைக் கேட்டு எழுதிக்கொள்வார். நேற்று அதிகாலை 4 மணியில் தொடங்கி இன்று அதிகாலை 4 மணி வரை, அரை மணிக்கு ஒரு கட்டம். மொத்தம் 48 கட்டம்.

ஏன் அதிகாலை 4 மணி? நள்ளிரவு 12 என்றால் சுலபம்தானே?

நள்ளிரவில் நாளை வெட்டினால் தூக்கம் இரண்டாக உடைகிறது. பதினொன்றரைக்குப் பாத்திரம் கழுவி முடித்துப் படுத்தவரின் இரவு ஒரு நாளிலும் தூக்கம் அடுத்த நாளிலும் போய் விழும். பெரும்பாலோர் உறங்கும் நேரம் 4 மணி என்பதால் அங்கே வெட்டினால் சேதம் குறைவு. வாசல் தெளித்துக் கோலம் போட எழுகிறவர்களும் பால் கறக்க எழுகிறவர்களும்கூட அதற்குப் பிறகுதான் நாளைத் தொடங்குகிறார்கள். இரவு ஷிப்ட் பார்க்கிறவர் மட்டும் தன் தூக்கம் முடியும் மணியை நாளின் தொடக்கமாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் வீட்டில் மற்றவர்களோடு ஒப்பிடப்போகிறீர்கள் என்றால் எல்லோருக்கும் ஒரே மணி வேண்டும்.

வீட்டில் எழுத என்ன தேவை?

ஒரு கோடு போட்ட நோட்டு, பேனா. ஒரு ஆளுக்கு ஒரு நாளுக்கு 96 வரி, ஒவ்வொரு வரியும் 15 நிமிடம். ஐந்து பத்தி பிரித்துக்கொள்ளுங்கள்: மணி, முக்கியமாகச் செய்தது, கூடவே செய்தது, எங்கே, யாருடன்.

அரசு ஆய்வு அரை மணிக் கட்டத்தை எடுப்பது லட்சக்கணக்கான பேரிடம் கேட்டு முடிக்க வேண்டும் என்பதால். ஐரோப்பிய நாடுகளின் ஆய்வுகளில் 10 நிமிடக் கட்டம், மக்களே எழுதித் தருகிறார்கள். வீட்டுக்கு 15 நிமிடம் சரியாக இருக்கும். அரை மணியாக வைத்தால் காலை நேர வேலைகள் ஒன்றோடொன்று கலந்து "சமையல்" என்ற ஒரே சொல்லில் முடிந்துவிடும். 5 நிமிடமாக வைத்தால் இரண்டாம் நாளே நோட்டை மூடிவிடுவீர்கள்.

எப்போது உட்கார்ந்து எழுதுவது?

ஒரு நாளில் நான்கு முறை: காலைப் பரபரப்பு ஓய்ந்ததும், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, மாலை காபியின்போது, படுக்கும் முன். ஒவ்வொரு முறையும் மூன்று நிமிடம் போதும். இரவில் மொத்தமாக எழுதினால் பெரிய வேலைகள் மட்டும் நினைவுக்கு வரும். தண்ணீர் பிடித்தது, சிந்திய பாலைத் துடைத்தது, மாமாவுக்கு மாத்திரை எடுத்துக்கொடுத்தது, கொரியர்காரருக்குக் கதவைத் திறந்தது எல்லாம் மறைந்துவிடும்.

எத்தனை நாள் எழுத வேண்டும்?

குறைந்தது நான்கு நாள்: இரண்டு வேலை நாள், ஒரு சனி, ஒரு ஞாயிறு. பண்டிகை, கல்யாணம், காய்ச்சல் வந்த நாட்களைத் தவிருங்கள். எல்லோருக்கும் ஞாயிறுதான் மாறும் நாள் என்று நினைக்க வேண்டாம். விவசாயக் குடும்பத்துக்குச் சந்தை நாள், சலூன்காரருக்குச் செவ்வாய், ஓட்டல் வைத்திருப்பவருக்கு வேறொரு நாள். 1998 முன்னோட்டத்திலேயே வழக்கமான நாள், வாரத்தில் மாறும் நாள், அசாதாரண நாள் என்று மூன்றாகப் பிரித்துத்தான் கேட்டார்கள்.

சராசரி போடும்போது நான்கு நாளையும் கூட்டி நான்கால் வகுக்கக் கூடாது. வேலை நாட்களின் சராசரியை 5ஆல் பெருக்கி, சனி ஞாயிறைச் சேர்த்து, 7ஆல் வகுக்க வேண்டும். வேலை நாளில் சராசரி 520 நிமிடம், சனியன்று 300, ஞாயிறு 0 என்றால் 2,600 + 300 = 2,900. அதை 7ஆல் வகுத்தால் நாளுக்கு 414 நிமிடம். நான்கால் வகுத்திருந்தால் 335 என்று வந்திருக்கும். ஏறக்குறைய 80 நிமிடம் தொலைந்துபோகும்.

எந்த வேலையை எந்தத் தலைப்பில் சேர்ப்பது?

ஐ.நா.வின் 2016 வகைப்பாட்டில் ஒன்பது பெரும் பிரிவுகள் உண்டு. இந்திய ஆய்வும் அதையே பின்பற்றுகிறது. சம்பாத்திய வேலை; சொந்த உபயோகத்துக்குப் பொருள் உண்டாக்குவது; சம்பளமில்லாத வீட்டு வேலை; சம்பளமில்லாத பராமரிப்பு; தன்னார்வப் பணியும் பயிற்சியும்; படிப்பு; பேச்சு, ஊர்ப் பொது நிகழ்ச்சி, வழிபாடு; பொழுதுபோக்கு, ஊடகம், விளையாட்டு; கடைசியாகத் தூக்கம், சாப்பாடு, குளியல் போன்ற சுய தேவைகள்.

சிக்கல் வருவது எல்லைகளில். கீழே சொல்கிறவைதான் அடிக்கடி குழப்புகின்றன.

குழாயடியிலிருந்தோ லாரியிலிருந்தோ தண்ணீர் பிடித்துவருவதும் விறகு பொறுக்குவதும் வீட்டு வேலை என்ற பிரிவில் வராது. இரண்டாவது பிரிவான பொருள் உண்டாக்குவதில் சேரும். வீட்டுக்கு மட்டும் போட்ட கீரைப் பாத்தியும் அங்கேதான். அதே கீரையை விற்கத்தான் பயிரிடுகிறீர்கள் என்றால் சம்பாத்திய வேலை. பிள்ளைக்கு ஹோம்வொர்க் சொல்லிக்கொடுப்பது பராமரிப்பு. பிள்ளையின் நோட்டில் அதே நேரம் படிப்பு. மளிகைக் கடைக்குப் போவது வீட்டு வேலை. கோயிலுக்குப் போவது ஏழாவது பிரிவு. பயணத்துக்குத் தனித் தலைப்பு கிடையாது, எதற்காகப் போனீர்களோ அதோடு சேரும். ஆபீசுக்குப் போகும் பஸ் நேரம் சம்பாத்திய வேலையோடு, பள்ளிக்கூடத்தில் பிள்ளையை விட்டுவருவது பராமரிப்போடு.

வீட்டில் ஒன்பதும் வேண்டாம் என்றால் ஐந்தாகச் சுருக்குங்கள்: சம்பாத்தியம், வீட்டு வேலை (தண்ணீர் உட்பட), பராமரிப்பு, ஓய்வு, உடம்புக்கான நேரம். பராமரிப்பை மட்டும் வீட்டு வேலையோடு கலக்காதீர்கள். பாத்திரத்தை நாளைக்குக் கழுவலாம். பசித்து அழும் குழந்தையை நாளைக்குப் பார்க்க முடியாது.

ஒரே நேரத்தில் இரண்டு மூன்று வேலை நடக்கிறதே, எதை எழுதுவது?

கணக்கு தவறுவதெல்லாம் பெரும்பாலும் இங்கேதான். மாலை 7 முதல் 7.30 வரை ஒரு அடுப்படியைப் பாருங்கள். ஒரு பக்கம் குக்கர், இன்னொரு பக்கம் தோசைக்கல். மேடை ஓரத்தில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளை வாய்ப்பாடு ஒப்பிக்கிறான். தோளுக்கும் காதுக்கும் நடுவில் போன், மறுமுனையில் அம்மா. இது சமையலா, பராமரிப்பா, பேச்சா?

அரசு ஆய்வில் ஒரு அரை மணிக்குள் 10 நிமிடமோ அதற்கு மேலோ நீடித்த செயல்கள், அதிகம் போனால் மூன்று, பதிவாகும். எது முக்கியமானது என்றும் கேட்பார்கள். நாளின் மொத்தம் 1,440ஐத் தாண்டக் கூடாது என்பதால் அந்த முப்பது நிமிடம் அவற்றுக்குள் பங்கு பிரியும். ஆனால் தோசை திருப்பியவரின் உடம்புக்கு மூன்று வேலையும் முழுதாகத்தான் நடந்தது.

அதனால்தான் வீட்டு நோட்டில் "கூடவே செய்தது" என்ற பத்தி. முக்கியப் பத்தியைக் கூட்டினால் 1,440. கூடவே பத்தியைத் தனியாகக் கூட்டுங்கள், முதல் மொத்தத்தோடு சேர்க்காதீர்கள். இரண்டு பேருடைய நோட்டையும் பக்கத்தில் வைத்தால் முக்கியப் பத்தியில் பெரிய வித்தியாசம் இல்லாமல் இருக்கலாம். கூடவே பத்தியில் ஒருவருக்கு 40 நிமிடமும் மற்றவருக்கு 300 நிமிடமும் இருந்தால், ஒருவர் ஏன் எப்போதும் களைத்திருக்கிறார் என்ற கேள்விக்கு அதுவே விடை.

கிரைண்டர் ஓடும்போது நான் சும்மாதானே இருக்கிறேன்? அதுவும் வேலை நேரமா?

வேலை நேரமே. மாவு அரைப்பதை ஒருமுறை பிரித்து எழுதிப் பாருங்கள். அரிசியும் உளுந்தும் களைந்து ஊறவைக்க 10 நிமிடம். பிறகு நான்கு மணி நேரம் ஊற வேண்டும். அதற்கு உங்கள் கை தேவையில்லை, ஆனால் நான்கு மணி கழித்து நீங்கள் வீட்டில் இருந்தாக வேண்டும். கிரைண்டரைக் கழுவி வைக்க 5 நிமிடம். உளுந்து அரை மணி, அரிசி அரை மணி, இரண்டுக்கும் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தண்ணீர் தெளித்து ஓரத்தில் ஒட்டியதைத் தள்ளிவிட வேண்டும். வழித்தெடுத்து உப்புப் போட்டுக் கரைக்க 10. கல்லையும் பாத்திரத்தையும் கழுவ 15.

கை வேலை 40 நிமிடம். காது கிரைண்டரிலேயே இருக்கும் நேரம் 60 நிமிடம். ஊறுவதையும் சேர்த்தால், இந்த வேலை உங்களைக் கட்டிப்போட்ட நேரம் ஏறக்குறைய ஆறு மணி. "மாவு அரைத்தேன், 40 நிமிடம்" என்று எழுதினால் பொய் இல்லை, ஆனால் பாதிகூட இல்லை. அந்த 60 நிமிடத்தைக் "கூடவே" பத்தியில் போடுங்கள். கட்டிப்போட்ட நேரத்தை ஓரத்தில் ஒரு நீளக் கோடாக வரையுங்கள். துணி ஊறுவது, மோட்டார் போட்டுத் தொட்டி நிரம்பக் காத்திருப்பது, தூங்கும் குழந்தைக்குக் காவலிருப்பது எல்லாவற்றுக்கும் இதே கோடுதான்.

ஆய்வுச் செய்திகளில் பெண்களின் வீட்டு வேலை ஒரு இடத்தில் 299 நிமிடம், இன்னொரு இடத்தில் 243 நிமிடம் என்கிறார்கள். எது சரி?

இரண்டுமே சரி, வகுத்த எண்தான் வேறு. 2019 ஆய்வில் 6 வயதுக்கு மேற்பட்ட பெண்களில் 81.2 சதவீதம் பேர் அன்று வீட்டு வேலை செய்திருந்தார்கள். செய்தவர்களின் சராசரி 299 நிமிடம். செய்யாதவர்களையும் சேர்த்து எல்லோருக்கும் பரப்பினால் 243.

ஆண்களுக்கு இந்த வித்தியாசம்தான் ரொம்ப முக்கியம். வீட்டு வேலை செய்த ஆண்கள் 26.1 சதவீதம், அவர்களின் சராசரி 97 நிமிடம். "ஆண்கள் 97 நிமிடம் செய்கிறார்கள்" என்று செய்தி வந்தால் ஒவ்வோர் ஆணும் ஒன்றரை மணி நேரம் செய்வதாகத் தோன்றும். எல்லா ஆண்களுக்கும் பரப்பினால் 25 நிமிடம்தான். நான்கில் மூன்று பேர் அன்றைக்கு ஒரு தட்டைக்கூடக் கழுவவில்லை என்பது 97க்குள் மறைந்துகொள்கிறது. எந்த நேர ஆய்வைப் படித்தாலும் "செய்தவர்களின் சராசரியா, எல்லோரின் சராசரியா" என்று முதலில் பாருங்கள்.

2019க்கும் 2024க்கும் நடுவில் என்ன மாறியது?

15 முதல் 59 வயதுப் பெண்களில் சம்பாத்திய வேலையில் இருந்தவர்கள் 21.8 சதவீதத்திலிருந்து 25 ஆனார்கள். ஆண்கள் 70.9லிருந்து 75. அதே வயதில் வீட்டு வேலை செய்த பெண்களின் நேரம் 315 நிமிடத்திலிருந்து 305 ஆனது. ஐந்து வருடத்தில் பத்து நிமிடம். வெளி வேலைக்குப் போகும் பெண்கள் கூடியிருக்கிறார்கள், வீட்டு வேலை அந்த வேகத்தில் குறையவில்லை.

2024இல் அதே வயதினரில் 41 சதவீதப் பெண்களும் 21.4 சதவீத ஆண்களும் பராமரிப்பில் ஈடுபட்டிருக்கிறார்கள். ஈடுபட்டவர்களில் பெண்ணுக்கு 140 நிமிடம், ஆணுக்கு 74. ஓய்வு, ஊடகம், விளையாட்டுக்கு 6 வயதுக்கு மேற்பட்டவர்கள் 171 நிமிடம் செலவிட்டார்கள்; ஆண்கள் 177, பெண்கள் 164.

ஓய்வில் 13 நிமிடம்தானே வித்தியாசம்? அப்படியென்றால் இருவருக்கும் ஓய்வு கிட்டத்தட்டச் சமம்தானே?

மொத்தம் மட்டும் பார்த்தால் அப்படித் தோன்றும். ஓய்வை மொத்தத்தால் மட்டும் அளக்கக் கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து. துண்டுகளை எண்ணுங்கள். ஒருவர் இரவு 8 முதல் 10.30 வரை தொடர்ந்து கிரிக்கெட் பார்க்கிறார்: ஒரே துண்டு, 150 நிமிடம். இன்னொருவருக்கும் 150 நிமிடம் கிடைக்கிறது, ஆனால் ஆறு கால் மணித் துண்டுகளும் இரண்டு அரை மணித் துண்டுகளுமாக. முதலாமவர் ஒரு படம் பார்க்கலாம், நடக்கப் போகலாம், சங்கீதம் பழகலாம். இரண்டாமவரால் போனைத் தள்ளிப் பார்க்க மட்டும்தான் முடியும்.

நோட்டில் ஓய்வுக்கு மூன்று எண் எழுதுங்கள்: மொத்த நிமிடம், எத்தனை துண்டு, மிக நீண்ட துண்டு எவ்வளவு. சீரியல் பார்த்துக்கொண்டே துணி மடித்தால் முக்கியம் துணி, கூடவே சீரியல். அதை ஓய்வில் சேர்க்காதீர்கள்.

வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர் எப்படி எழுதுவது?

லேப்டாப் திறந்திருந்த நேரத்தை அப்படியே வேலை என்று எழுதாதீர்கள். 15 நிமிடத்தில் பாதிக்கு மேல் எதற்குப் போனதோ அதுவே முக்கியப் பத்தி. இரவு ஒன்பதரைக்கு மேல் ஆபீஸ் வாட்ஸப்புக்குப் பதில் போட்டால் அது சம்பாத்திய வேலை, ஐந்து நிமிடமானாலும் "கூடவே" பத்தியில் வர வேண்டும். வார முடிவில் அந்தத் துளிகளை மட்டும் கூட்டிப் பாருங்கள்.

12 மணி நேர ஷிப்ட் பார்த்தால் மிச்சம் எவ்வளவு இருக்கும்?

கணக்கே சொல்லிவிடும். 2024 ஆய்வின்படி தூக்கம், சாப்பாடு, குளியல் உள்ளிட்ட சுய தேவைகளுக்கு ஒருவர் செலவிடும் சராசரி 708 நிமிடம். 12 மணி நேர ஷிப்ட் 720 நிமிடம். இரண்டும் சேர்ந்து 1,428. மிச்சம் 12 நிமிடம். பஸ் பயணம்கூட இன்னும் கழிக்கவில்லை. ஆக, அந்த நாளில் தூக்கம்தான் வெட்டுப்படும்.

2023 ஏப்ரல் 21 அன்று தமிழ்நாடு சட்டமன்றம் நிறைவேற்றிய தொழிற்சாலைகள் சட்டத் திருத்தம் இதற்கு வழிவிட்டபோது, வாரத்தின் மொத்தம் 48 மணிதானே, நான்கு நாளில் முடித்துவிட்டு மூன்று நாள் விடுப்பு எடுக்கலாமே என்று ஒரு வாதம் வந்தது. வாரக் கூட்டலில் அது சரி. ஆனால் பிள்ளைக்குச் சாப்பாடு ஊட்டுவதை வெள்ளிக்கிழமைக்குச் சேர்த்துவைக்க முடியாது. எதிர்ப்பு வலுத்து, அந்த மே தினத்தன்று மசோதா திரும்பப் பெறப்படுவதாக முதலமைச்சர் அறிவித்தார்.

நினைவில் வைத்துக்கொள்வதும் வேலைதானே? அதை எந்த வரியில் எழுதுவது?

எந்த வரியிலும் அடங்காது. சிலிண்டர் எப்போது தீரும், தடுப்பூசி எந்தத் தேதி, யூனிபார்ம் எந்தக் கிழமை வெள்ளை, யார் வீட்டு விசேஷத்துக்கு எவ்வளவு மொய் வைக்க வேண்டும் என்பதெல்லாம் பஸ்ஸில் போகும்போதும் குளிக்கும்போதும் ஓடுகிற வேலை. கட்டத்துக்குள் திணிக்க வேண்டாம். தனித் தாள் ஒன்று போடுங்கள். இடது பக்கம் வேலையின் பெயர், அதற்கு நேரே மூன்று பத்தி: நினைவில் வைப்பவர், ஏற்பாடு செய்பவர், செய்து முடிப்பவர். 30 வேலை எழுதினால் போதும். பல வீடுகளில் மூன்றாவது பத்தியில் இரண்டு மூன்று பெயர் இருக்கும், முதல் பத்தியில் ஒரே பெயர்தான் இருக்கும்.

எழுதும்போது வழக்கமாக என்ன தப்பு நடக்கிறது?

ஒருவருக்காக இன்னொருவர் எழுதுவது முதல் தப்பு. "அவ காலைல சமைப்பா, அப்புறம் ஃப்ரீ" என்று கணவர் சொல்வதும் "அவருக்கு ஆபீஸ்ல ஏசியில உட்கார்றதுதான் வேலை" என்று மனைவி சொல்வதும் ஒன்றுதான். அவரவர் நோட்டை அவரவர் எழுத வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர் என்றால் அவர் சொல்லச் சொல்ல எழுதுங்கள்.

வழக்கமாகச் செய்வதை நேற்றும் செய்ததாக எழுதிவிடுவது அடுத்தது. "தினமும் நடப்பேன்" என்பவர் அன்றைக்கு நடந்தாரா என்று பார்க்க வேண்டும்.

மூன்றாவது, எழுதும் நாளில் நடத்தையை மாற்றுவது. முதல் நாள் எல்லோரும் சுறுசுறுப்பாக இருப்பார்கள். எனவே முதல் நாளைப் பழக்கத்துக்கு என்று ஒதுக்கிவிட்டு, மறுநாளிலிருந்து எடுங்கள். மூன்று மணி நேரத்துக்கு "வீட்டு வேலை" என்று ஒரே சொல் நின்றால் அந்த இடத்தைத் திரும்பக் கேட்டு உடைத்து எழுதுங்கள்.

பிள்ளைகள் எழுதலாமா?

பத்து வயதுக்கு மேல் தாங்களே எழுதலாம். அதற்கும் கீழே இருந்தால் இரவில் ஐந்து நிமிடம் கேட்டு எழுதுங்கள். 2024 ஆய்வில் 6 முதல் 14 வயதுப் பிள்ளைகளில் 89.3 சதவீதம் பேர் படிப்பில் ஈடுபட்டார்கள், ஈடுபட்டவர்களின் நேரம் நாளுக்கு 413 நிமிடம். பள்ளி, டியூஷன், ஹோம்வொர்க், வேன் பயணம் எல்லாம் போக உங்கள் பிள்ளைக்கு விளையாட எத்தனை நிமிடம் மிஞ்சுகிறது என்று பார்க்கத்தான் இந்த நோட்டு. "போன் எவ்வளவு நேரம் பார்த்தே" என்று பிடிப்பதற்காக ஒருமுறை பயன்படுத்திவிட்டால், அடுத்த நாளிலிருந்து உண்மை எழுதமாட்டார்கள்.

எழுதியாயிற்று. இனி வேலையை எப்படிப் பிரிப்பது?

நிமிடத்தைச் சமமாகப் பிரிக்கக் கிளம்பாதீர்கள், அது சண்டையில் முடியும். முதலில் வேலைகளை மூன்றாகப் பிரியுங்கள். மணிக்குக் கட்டுப்பட்டவை: வேன் வரும் முன் டிபன் பாக்ஸ், தண்ணீர் விடும் நேரம், மாமியாருக்குச் சாப்பாட்டுக்கு முன் ஊசி. நாளுக்குக் கட்டுப்பட்டவை: பாத்திரம், துணி, வீடு பெருக்குவது. வாரத்துக்கோ மாதத்துக்கோ கட்டுப்பட்டவை: மளிகை, மாவு, கரண்ட் பில், இஸ்திரி, ரேஷன் கடை.

உதவி செய்ய வருகிறவர் பெரும்பாலும் மூன்றாவது வகையைத்தான் எடுத்துக்கொள்கிறார், ஏனென்றால் அதைத் தனக்குத் தோதான நேரத்தில் செய்யலாம். முதல் வகை முழுவதும் ஒரே ஆளிடம் தங்கிவிடுகிறது. காலை 5.30 முதல் 8.30 வரையிலான மூன்று மணி நேரத்தின் இறுக்கம் ஞாயிற்றுக்கிழமை மளிகை வாங்கித் தருவதால் கொஞ்சமும் தளராது.

அதனால் முதல் வகையிலிருந்து ஒன்றை முழுதாகக் கைமாற்றுங்கள். முழுதாக என்றால் நினைவில் வைப்பது, பொருள் இருக்கிறதா என்று பார்ப்பது, செய்வது, கழுவி வைப்பது வரை. டிபன் பாக்ஸ் என்றால், என்ன காய் என்று முந்தின இரவு யோசிப்பதும் அதில் அடக்கம். குறைந்தபட்ச நிபந்தனையை மட்டும் பேசிக்கொள்ளுங்கள்: "7.45க்குள் மூடி, பையில் இருக்க வேண்டும்." எப்படிச் செய்வது என்பது எடுத்துக்கொண்டவரின் முடிவு. பக்கத்தில் நின்று திருத்தினால் வேலை கைமாறவில்லை, மேற்பார்வை என்று புதிதாக ஒரு வேலை சேர்ந்திருக்கிறது.

நான்கு வாரம் விடுங்கள். பழகியவர் 35 நிமிடத்தில் முடித்ததைப் புதியவர் முதல் வாரத்தில் ஒரு மணி நேரம் செய்வார். இரண்டாம் வாரம் மூடி ஒழுகி நோட்டெல்லாம் சாம்பார் ஆகும். "இதுக்கு நானே செஞ்சிருப்பேன்" என்று அந்த இடத்தில்தான் பலர் திரும்ப வாங்கிக்கொள்கிறார்கள். வாங்காதீர்கள். நான்காம் வாரம் மீண்டும் இரண்டு நாள் எழுதி, காலை மூன்று மணி நேரத்தை மட்டும் ஒப்பிடுங்கள்.

வீட்டுக்கு வெளியே நடக்கும் மாற்றமும் காலை நேரத்தைத் தளர்த்தும். 2022 செப்டம்பரில் தமிழ்நாட்டில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தைப் பலரும் ஊட்டச்சத்துக் கணக்கில்தான் பேசுகிறார்கள். ஏழு மணிக்கே கூலி வேலைக்குக் கிளம்பும் ஒரு தாயின் நோட்டில் அது மணிக்குக் கட்டுப்பட்ட ஒரு வேலையை எடுத்துவிடுகிறது.

தாத்தா பாட்டி செய்வதையும் எழுத வேண்டுமா?

கட்டாயம். இருவரும் வேலைக்குப் போகும் வீடுகளில் மூன்றாவது நோட்டு இல்லாமல் கணக்கே நிற்காது. பள்ளி விட்டு வரும் பிள்ளைக்கு மாலை 4 முதல் 7 வரை இருப்பவர் பாட்டி என்றால் அது 180 நிமிடப் பராமரிப்பு. "பாட்டிக்கும் பொழுது போகும்" என்று சொல்லும் முன், அவருடைய மிக நீண்ட ஓய்வுத் துண்டு எவ்வளவு என்று பாருங்கள்.

வீட்டு வேலைக்குப் பண மதிப்பு உண்டா?

சட்டத்தின் பார்வையில் உண்டு. விபத்தில் இறந்த ஒரு தம்பதியின் இழப்பீட்டு வழக்கில் 2021 ஜனவரி 5 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, நீதிபதி என்.வி. ரமணா 2019 நேர ஆய்வின் இதே 299, 97 நிமிட எண்களை எடுத்துக்காட்டி, இல்லத்தரசிக்கு வருமானம் கணக்கிடுவது அவர் உழைப்பை அங்கீகரிப்பது என்று எழுதினார். 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம், கணவர் சம்பாத்தியத்தில் வாங்கிய சொத்தில் வீட்டை நிர்வகித்த மனைவியின் பங்களிப்பும் இருக்கிறது, அவருக்குச் சம பங்கு உண்டு என்று ஒரு வழக்கில் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு செப்டம்பர் 15இல் தொடங்கிய மாதம் 1,000 ரூபாய்த் திட்டத்துக்குத் தமிழ்நாடு அரசு "மகளிர் உரிமைத் தொகை" என்று பெயர் வைத்தது.

வீட்டில் மதிப்புப் போட இரண்டு வழி. அதே வேலைக்கு ஆள் வைத்தால் உங்கள் ஊரில் என்ன சம்பளம் என்று பார்த்து மணிக்கணக்கில் பெருக்கலாம். அல்லது அந்த நேரத்தில் வெளியே வேலை பார்த்தால் அவர் என்ன சம்பாதித்திருப்பார் என்று பார்க்கலாம். முதல் வழியில் "கூடவே" பத்தி விட்டுப்போகும். இரண்டாவதில், வேலையை விட்டு ஐந்து வருடம் ஆன ஒருவருக்கு எந்தச் சம்பளத்தை வைப்பது என்ற கேள்வி வரும். முதல் வழியே கைக்கு அடக்கமானது.

இதற்குச் செயலி போதாதா?

போன் செயலி போனில் போன நேரத்தைத்தான் எண்ணும். அடுப்படியில் கை ஈரமாக இருக்கும்போது போனைத் தொட்டுப் பதிய மாட்டீர்கள். பிரிஜ் கதவில் ஒட்டிய தாளும் நூலில் கட்டிய பென்சிலும் அதைவிட நன்றாக வேலை செய்யும்.

எத்தனை காலத்துக்கு ஒருமுறை எழுத வேண்டும்?

வருடத்துக்கு இரண்டு தடவை, பள்ளி நடக்கும்போது ஒன்று, கோடை விடுமுறையில் ஒன்று. இவை தவிர, குழந்தை பிறந்தாலோ, ஷிப்ட் மாறினாலோ, வீட்டில் ஒருவர் படுக்கையில் விழுந்தாலோ, ஆறு வாரம் கழித்து ஒருமுறை. பழைய நோட்டைத் தூக்கிப் போடாதீர்கள். தேதி போட்டு வையுங்கள்.